விருத்தாசலம்: பீங்கான் ஊரும் 108-ன் நீண்ட சாலையும்

‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாயே’ என்று வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள் இல்லையா? அந்த ஆறு விருத்தாசலத்தில்தான் ஓடுகிறது. பெயர் மணிமுத்தாறு. சுந்தரர் இங்கே சிவபெருமானிடம் 12,000 பொன் பெற்று ஆற்றில் போட்டார், பிறகு திருவாரூர் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார் என்பது தலபுராணம். எடுத்த பொன்னின் மாற்று குறையாமல் இருக்கிறதா என்று உரைத்துப் பார்த்துச் சொன்னவர் பிள்ளையார். திருவாரூரில் அவருக்கு மாற்றுரைத்த விநாயகர் என்றே பெயர்.

பெரிய விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் என்று வந்துவிட்டால் இந்த ஊரில் இன்றும் பல நேரங்களில் அந்தக் கதைதான். இங்கே வண்டியில் ஏற்றுகிறார்கள். சிதம்பரத்திலோ முண்டியம்பாக்கத்திலோ புதுச்சேரியிலோ இறக்குகிறார்கள். இடையில் இருக்கிற தூரத்தில் மாற்று குறையாமல் போய்ச் சேர வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கப் போன எனக்கு, கோயிலையும் பீங்கானையும் போலவே அந்தத் தூரமும் மனதில் நின்றுவிட்டது.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் விழுப்புரத்தை அடுத்து வரும் பெரிய ஸ்டேஷன் இது. கடலூர் துறைமுகத்திலிருந்து ஒரு தடம், சேலத்திலிருந்து ஒரு தடம் என்று இரண்டும் வந்து சேர்வதால் ஜங்ஷன். பழைய பெயர் திருமுதுகுன்றம். காசிக்குப் போக முடியாதவர்கள் இங்கே வந்தாலே போதும் என்று ‘விருத்தகாசி’ என்றும் சொல்வார்கள். பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து கணக்கு: ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம். ஆகமங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கும் சந்நிதியைத் தவறவிடாதீர்கள். ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிடப் படிகளில் கீழே இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள், திரும்ப ஏறவும் வேண்டும் என்பதை யோசித்து இறங்கவும்! மாசி மகத்தன்று வந்தால் மணிமுத்தாற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, ஜனம் இருக்கும்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் அடுத்தது பீங்கான். இங்கே யாரும் பீங்கான் என்று சொல்வதில்லை, ‘செராமிக்’தான். பக்கத்தில் நெய்வேலி. நிலக்கரிக்காக அங்கே தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்வி நிலையமும் வந்தது. நம் வீட்டு மீட்டர் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கார்த்திகைக்கு வாங்கும் பளபளப்பான அகல் விளக்கு என்று பல பொருட்கள் இங்கிருந்து கிளம்பியிருக்கின்றன. பிளாஸ்டிக் வந்து பல பட்டறைகளின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது. இன்னமும் நடக்கிற பட்டறைகளுக்குள் கால் வைத்தால் தரையெல்லாம் வெள்ளை மாவு. மனிதர்களின் புருவத்திலும் அதே வெள்ளை.

பொம்மை செய்யும் விதம் அழகு. களிமண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் ஏடு போலப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் பிரித்தால் உள்ளே குடைவான பொம்மை. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டும் இதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான். பிறகு காயவைத்து, மெருகுப்பூச்சு கொடுத்து, சூளையில் ஏற்றுகிறார்கள். 1,000 டிகிரியைத் தாண்டிய சூடு அது.

சூடு என்றதும் ஒரு கேள்வி வந்தது. பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

“சூளையில கையச் சுட்டுக்கிட்டா என்னண்ணே பண்ணுவீங்க?”

“இங்க் ஊத்துவோம் சார். இல்லாட்டி பல்லு வெளக்குற பேஸ்ட்டு. பெருசா பட்டுச்சுன்னா பெரியாஸ்பத்திரி.”

இங்க், பேஸ்ட், மஞ்சள், மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இதுதான் இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் முதலுதவி. மோதிரம், வளையலை வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு செய்ய முடியாத சிகிச்சை இது. அந்த 20 நிமிடம் பட்டறைக் குழாயடியிலேயே கழிந்தாக வேண்டும்.

பெரிய விபத்தில் என்ன ஆகும் என்பதையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 2020 ஜூலை 1 அன்று, இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. 6 தொழிலாளர்கள் அன்றே இறந்தார்கள். மோசமாகத் தீக்காயம் பட்டவர்கள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தாண்டி சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களிலும் பலர் பிழைக்கவில்லை.

1 லட்சம் பேருக்கு ஒரு வண்டி

அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் என்பதே நமக்கு ரொம்பப் புதிது. 1956 நவம்பர் 23 அன்று, இந்த விருத்தாசலம் வழியாகப் போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது அதற்குத்தான். அப்போது எந்த நம்பரைக் கூப்பிடுவது? ஆந்திராவில் 2005-ல் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. இ.எம்.ஆர்.ஐ. என்ற நிறுவனம் நடத்துகிறது, செலவு அரசுடையது, நோயாளிக்கு இலவசம். எங்கிருந்து கூப்பிட்டாலும் அழைப்பு போய்ச் சேர்வது சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு. ஓட்டுநருக்கு ‘பைலட்’ என்று பெயர். பின்னால் நோயாளியோடு இருப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர். அவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்றவர். வழியில் சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்வார்.

இந்தச் சேவைக்குத் தர அளவுகோல் உண்டா? உண்டு. 1 லட்சம் மக்களுக்கு ஒரு சாதாரண ஆம்புலன்ஸ், 5 லட்சம் மக்களுக்கு வென்டிலேட்டர் முதலிய வசதிகளோடு ஓர் உயர்சிகிச்சை ஆம்புலன்ஸ் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். இன்று ஓடும் 108 வண்டிகள் 1,300-க்கு மேல். ஆக, எண்ணிக்கையில் நாம் பாஸ். இதைத் தாராளமாகப் பாராட்டலாம். கூப்பிட்டதிலிருந்து நகரத்தில் 20 நிமிடம், கிராமத்தில் 30 நிமிடத்துக்குள் வண்டி வர வேண்டும் என்பது இன்னொரு அளவு. இங்கிலாந்தில் மூச்சுப்பேச்சில்லாத நிலை போன்ற முதல் வகை அழைப்புகளுக்குச் சராசரியாக 7 நிமிடம், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரண்டாம் வகைக்கு 18 நிமிடம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அந்த இலக்கைப் பிடிக்கத் திணறுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கு இந்த ‘சராசரி’ மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஒரு பேச்சுக்கு, ஊருக்குள் 5 பேருக்கு 8 நிமிடத்தில் வண்டி வந்து, ஒரு குக்கிராமத்துக்கு மட்டும் 44 நிமிடம் ஆனது என்று வையுங்கள். சராசரி 14 நிமிடம். தாளில் பார்த்தால் பிரமாதம்! அந்த ஆறாவது வீட்டில் போய்க் கேட்டால் தெரியும். விருத்தாசலத்தைச் சுற்றி அப்படிப்பட்ட ஆறாவது வீடுகள் நிறைய. முந்திரித் தோப்பு, கரும்புக் கொல்லை, நெல்வயல். ஸ்ரீமுஷ்ணம், பெண்ணாடம், வேப்பூர், மங்கலம்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் மெயின் ரோட்டை விட்டு உள்ளே பல கிலோமீட்டர் போக வேண்டிய கிராமங்கள். ராத்திரி பாம்புக்கடி என்றால் அங்கிருந்துதான் அழைப்பு வரும்.

இன்னொன்று, கடிகாரம் ஓடத் தொடங்குவது நாம் 108-ஐ அழைத்த பிறகுதான். அதற்கு முன்னால் மாமாவுக்கு ஒரு போன், கார் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு போன், ‘வாயுவா இருக்கும், சோடா குடிச்சா சரியாயிடும்’ என்று அரை மணி நேரம். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

‘ரெஃபர் பண்ணிட்டாங்க’

ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பிரசவம், பாம்புக்கடி, சாதாரண விபத்து என்று நூறு விஷயங்களுக்கு இந்தப் பக்கத்து மக்களுக்கு அதுதான் கதி, நன்றாகவே உதவுகிறது. ஆனால் தலைக்காயத்துக்கு ஆபரேஷன், இதயத்தில் அடைப்பு நீக்குவது என்று வரும்போது, ‘ரெஃபர் பண்ணிட்டாங்க’ என்ற வார்த்தையைக் கேட்க வேண்டியிருக்கும். எங்கே போவது? சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது இந்த மக்களுக்குப் பெரிய ஆறுதல். கடலூர் 60 கிலோமீட்டர். விழுப்புரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கம் 75 கிலோமீட்டர் போல. புதுச்சேரி ஜிப்மர் 80-க்கு மேல். மேற்கே 2022-ல் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள்.

அளவுகோல் எல்லாம் வண்டி நோயாளியிடம் வந்து சேரும் நேரத்தைத்தான் அதிகம் பேசுகிறது. சென்னை மாதிரி நகரத்துக்கு அது சரி. வண்டி வந்துவிட்டால் அடுத்த 15 நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரி. விருத்தாசலத்தில் வண்டி 12 நிமிடத்தில் வந்தாலும், அதன் பிறகு ஒன்றரை மணி நேரப் பயணம் இருக்கலாம். அந்த ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த ஊருக்கான தரம். என் பார்வையில், இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை வண்டி’ என்பது இல்லை. ‘ரெஃபர் ஆகும் நோயாளிக்கு உயர்சிகிச்சை வண்டி கிடைக்கிறதா’ என்பதுதான். ஏனென்றால் ஒரு வண்டி புதுச்சேரி போய்த் திரும்பினால் 160 கிலோமீட்டர். நோயாளியை ஒப்படைக்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அந்த நேரத்தில் இங்கே இன்னொருவர் கூப்பிட்டால், பக்கத்து வட்டார வண்டிதான் வர வேண்டும். அங்கே இடம் காலியாகும். இப்படியே சங்கிலியாக.

வண்டிகளிலும் வகை உண்டு. ஏ.ஐ.எஸ். 125 என்ற மத்திய அரசின் வாகனத் தரம் ஆம்புலன்ஸை நான்காகப் பிரிக்கிறது: முதலில் ஓடிப்போய் முதலுதவி செய்யும் வாகனம், நோயாளியை வெறுமனே கூட்டிப்போகும் வாகனம், அடிப்படை உயிர்காப்பு வாகனம், உயர் உயிர்காப்பு வாகனம். நான்கின் தலையிலும் விளக்கு சுற்றும், நான்கும் ஒரே மாதிரி அலறும். உள்ளே இருப்பது வேறு. அவசரத்தில் தனியார் ஆம்புலன்ஸ் பிடிக்கும் குடும்பம் வாடகையைத்தான் பேசுகிறதே தவிர இதைக் கேட்பதில்லை. உள்ளே பயிற்சி பெற்ற ஆள் யாராவது இருக்கிறாரா? ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது? ‘பி’ டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது 100 நிமிடம்தான் வரும். ஜிப்மர் வரை போகிற வண்டியில், வழியில் டிராஃபிக் என்றால், கணக்கு இடிக்கும். மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

செராமிக் பட்டறைக்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜாடியை லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் இடையில் வைக்கோல் திணித்து, அசையாமல் கட்டுகிறார்கள். உடைவது சூளையில் அல்ல, சாலையில் என்று அவர்களுக்குத் தெரியும். விபத்தில் அடிபட்டவருக்கும் அப்படித்தான். கழுத்துப்பட்டை, முதுகுப் பலகை, முறிந்த காலுக்கு மட்டை என்று அசையாமல் கட்டித்தான் 108-ல் ஏற்றுவார்கள். ‘சீக்கிரம் தூக்குங்கப்பா’ என்று நாலு பேர் கை காலைப் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போடும்போது, முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அங்கேயே மீதியும் போய்விடலாம். தீயோ தண்ணீரோ வேறு ஆபத்தோ நெருங்கினால் ஒழிய, அசைக்காமல் காத்திருப்பதே உதவி.

நல்ல மாற்றங்களையும் சொல்ல வேண்டும். விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான தமிழ்நாடு அரசின் ‘டேய்’ திட்டத்தில், அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நோயாளிகளை வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே ‘இப்படி ஒருவர் வருகிறார்’ என்று தகவல் போகும் ஏற்பாடும் உண்டு. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கியது. தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்றார்கள். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும்.

விருத்தாசலம் மாதிரி ஊருக்கு இன்னும் பொருத்தமானது 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் என்று மூன்று வகையில் 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 60 கிலோமீட்டர் போன பிறகு தொடங்க வேண்டிய வைத்தியம், 3 கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. (தயவுசெய்து நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நெஞ்சுவலி எல்லாமே மாரடைப்பு இல்லை. ரத்தப்போக்கு இருப்பவருக்கு இதே மாத்திரை ஆபத்து.)

கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் ‘பிராது கட்டுவது’ பிரசித்தம். பணம் ஏமாந்தவர், பொருள் தொலைத்தவர், தீராத நோய்க்காரர் எல்லாரும் தன் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதி முருகனிடம் கட்டிவிட்டுப் போகிறார்கள். குறை தீர்ந்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எத்தனை ஒழுங்கு பாருங்கள்! இன்ன ஊர், இன்னாருடைய மகன், இன்ன குறை என்று தெளிவாக இல்லாவிட்டால் சாமிக்கே குழப்பம் வருமாம்.

108-க்கும் அதே ஒழுங்குதான் வேண்டும். அழைப்பை எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். ‘நம்ம மாரியம்மன் கோயில் பக்கம் வாங்க’ என்றால் அவருக்கு எந்த மாரியம்மன் என்று தெரியும்? மாவட்டம், வட்டம், ஊர், பக்கத்துப் பள்ளிக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ, என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா – வரிசையாகச் சொல்லுங்கள். அவர் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். ஓட்டுநர் திரும்ப அழைப்பார். லைனை பிஸியாக வைக்க வேண்டாம். மெயின் ரோட்டுத் திருப்பத்தில் டார்ச்சோடு ஒரு பையனை நிறுத்தினால் அஞ்சு நிமிடம் மிச்சம்.

மூச்சு இல்லை என்றால், வண்டி வரும்வரை கைகட்டி நிற்கக் கூடாது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் குறைகிறது. 20 நிமிடத்தில் வரும் ஆம்புலன்ஸ், தரக்கணக்கில் தேறிவிடும்; அவர் தேற மாட்டார். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்த வேண்டும். பெரிய பட்டறையிலும், பள்ளியிலும், மாசி மகக் கூட்டத்திலும் இது தெரிந்த நாலு பேர் இருந்தால், அது இன்னொரு ஆம்புலன்ஸுக்குச் சமம். தொழிற்பேட்டையில் ஒரு நாள் வகுப்பு வைத்துச் சொல்லித்தரலாம், பெரிய செலவில்லை.

‘தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்கள்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. விருப்பமில்லை என்றால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதே திருத்தத்தில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமும் சேர்ந்தது. கடைவீதியில் குறுக்கே பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் தம்பிகள் கவனிக்க.

ஊருக்கு வருகிறவர்கள் காலையில் கோயிலையும் மணவாளநல்லூரையும் முடித்துவிட்டு, பிற்பகலில் செராமிக் பக்கம் போகலாம். கார்த்திகைக்கு ஒரு மாதம் முன்னால் வந்தால் அகல் விளக்குகள் கண்ணைப் பறிக்கும். பேரம் பேசலாம், அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டாம். போனில் இரண்டு நம்பர்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் 108. திரும்பும்போது ரயிலில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் 139. அடுத்த ஸ்டேஷன் பெயரையும் பெட்டி நம்பரையும் கையோடு சொன்னால், பிளாட்பாரத்தில் டாக்டருக்கோ ஆம்புலன்ஸுக்கோ ஏற்பாடு செய்வார்கள்.